அண்ணன் சத்தத்துக்கு மேல் யாரும் போகக் கூடாது

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் காதைத்தான் தீட்டிக்கொள்வார். கயிறு தேய்ந்திருக்கிறதா, சக்கரத்தில் எண்ணெய் வற்றிவிட்டதா என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட காது, கூடப் பிறந்த அண்ணன் விஷயத்தில் அவரைக் கைவிட்டுவிட்டது. அந்த அண்ணனின் மூச்சு எங்கள் கண்ணெதிரே குறைந்துகொண்டே வந்தது. அது எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை.

அண்ணன் தம்பி இருவரும் பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழுவில் கிளாரினெட் கற்றவர்கள். பெரியவர் பிறகு கல் அறுக்கும் பட்டறைக்குப் போய்விட்டார். சமையலறை மேடைக்கான கல்லை அளவுக்கு அறுத்து மெருகேற்றும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த தெருவில் ஓர் அறை, சாப்பாடு எங்கள் வீட்டில். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். சாப்பிட உட்காரும்போது அவருடைய புருவத்திலும் காது மடலிலும் கல் தூசி வெள்ளையாக ஒட்டியிருக்கும்.

"பட்டறையில முகமூடி போட்டுக்கக் கூடாதா மாமா?" என்று கேட்பேன்.

"போட்டா மூச்சு முட்டுதும்மா" என்பார்.

வயது ஐம்பதை நெருங்கும்போது என் வீட்டுக்காரருக்கு ஒரு கிளாரினெட் குழு ஆரம்பிக்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஆசை வந்துவிட்டால் அந்த மனிதரைக் கட்டிப்போட முடியாது. தான் பராமரிக்கும் லிஃப்டுகளுக்குள்ளேயே, 'கிளாரினெட் வாசிப்பவர்கள் வரவும்' என்று எழுதி ஒட்டினார். லிஃப்டுக்குள் நிற்பவர்களுக்குப் பார்க்க வேறு என்ன இருக்கிறது? ஆள் சேர்ந்துவிட்டது. பல் டாக்டர் ஒருவர், வங்கிக் காசாளர் ஒருவர், சலவைக் கடை நடத்தும் அக்கா தங்கை இருவர், டிரைவிங் ஸ்கூல் அம்மா ஒருவர். லிஃப்ட் கம்பெனியின் உதிரிபாகக் கிடங்குக்கு மேலே இருந்த அறையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூடினார்கள்.

முதல் நாளே காது கிழிந்தது. எல்லோரும் ஒரே அளவு கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் அம்மாவிடம் இருந்தது அதைவிடச் சின்னது, கீச்சென்று கத்துவது. ஹார்ன் அடித்தே பழகியவர், விடுவாரா?

"மாடி மட்டும் கட்டியிருக்கோம், தரையே இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். எங்கேயோ அலைந்து, அடிச்சுரங்களை வாசிக்கும் பழைய பேஸ் கிளாரினெட் ஒன்றைப் பிடித்துவந்தார். உட்கார்ந்தால் தரையிலிருந்து நெஞ்சுக்கு மேல் வரும் உயரம், அடியில் வளைந்த வெள்ளி வாய். அதை மாமா வாங்கி மடியோடு சாய்த்து ஊதினார். அந்த முதல் சுரத்துக்கு, சுவரோரம் இரும்பு அலமாரியில் கிடந்த ஸ்பேனர்கள் கிர்ரென்று அதிர்ந்தன. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மாமாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்புறம் பேலன்ஸ் பார்க்கும் வேலை ஆரம்பித்தது. லிஃப்டில் பெட்டி ஒரு பக்கம் தொங்கும், எதிர் எடை இன்னொரு பக்கம் தொங்கும். இரண்டும் ஒத்துப்போனால்தான் மோட்டார் திணறாது. என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த சங்கீத சாஸ்திரம் அதுதான்.

"அண்ணன் சத்தத்துக்கு மேல யாரும் போகக் கூடாது. அந்தப் பக்கம் எவ்வளவு இருக்கோ, இந்தப் பக்கமும் அவ்வளவுதான்" என்று சட்டம் போட்டார்.

அறையின் கடைசி மூலைக்குப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பேஸ் சரியாகக் கேட்காவிட்டால் மற்றவர்களைப் பார்த்து உள்ளங்கையைத் தரைப்பக்கம் அமுக்குவார். அவர்கள் குறைப்பார்கள். அது வேலை செய்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இரைச்சல் அடங்கி, கேட்கும்படியான ஓர் இசை வந்தது.

ஆனால் கை அமுங்குவது நிற்கவில்லை. பல் டாக்டரின் நாற்காலி பின்னுக்குப் போனது. காசாளர் சுவரைப் பார்த்து வாசித்தார். டிரைவிங் ஸ்கூல் அம்மாவை வராந்தாவுக்கே அனுப்பிக் கதவைப் பாதி சாத்திவிட்டார்கள். "என்னை ரிவர்ஸ்லயே எடுக்கிறீங்களே சார். இன்னும் பின்னால போனா தெருவுலதான் நிக்கணும்" என்றார் அவர். மாமாவை மரப்பலகை அடுக்கி அதன்மேல் உட்காரவைத்தார்கள். அதுவும் போதவில்லை.

நான் வாசிப்பவள் இல்லை. இடைவேளைக்குத் தேநீர் கொண்டுபோகிறவள். ஆரம்பத்தில் அவர்கள் சத்தம் தெருமுனையிலேயே கேட்கும். பிறகு கிடங்கு வாசலில் கேட்டது. அப்புறம் படி ஏறினால்தான் கேட்டது. ஸ்பேனர்கள் வாயைத் திறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. மாமா அந்தப் படியில் நடுவில் ஒரு தடவை நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஷூ கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிவார். அவர் போட்டிருந்தது செருப்பு.

"ஏங்க, மாமாவுக்கு மூச்சு வாங்குது. சத்தமும் முன்ன மாதிரி இல்ல" என்றேன்.

"அது பெரிய வாத்தியம், அப்படித்தான் இருக்கும். நேத்துகூட நூலகத்துக்காரர் வந்து கேட்டுட்டு, இவ்வளவு மென்மையா யாரும் வாசிச்சதில்லன்னு சொன்னார். அவங்க விழாவுக்கே நம்மளைக் கூப்பிட்டிருக்கார். ஒரு பதம் வந்திருக்கு, நீ கண்ணு வைக்காத."

சொல்லிப் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். காதில் போட்டுக்கொண்டால்தானே. நூலக விழாவுக்கு முந்தின ஒத்திகைக்குத் தேநீர் கொண்டுபோனபோது, கதவுக்கு வெளியே நின்ற எனக்கே உள்ளேயிருந்து ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் டிரைவிங் ஸ்கூல் அம்மா கிளாரினெட்டில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

"முதல் நாள் வாசிச்சீங்களே, அதே மாதிரி வாசிங்க. எல்லாரும்தான்" என்றேன்.

என் வீட்டுக்காரர் முறைத்தார். எனக்கு வாய் அதிகம் என்பது அவர்களுக்குத் தெரியும், எதிர்த்துப் பேசாமல் ஊதினார்கள். அறை நிறைந்தது. அந்த நிறைவில் பேஸ் எங்குமே இல்லை. என் வீட்டுக்காரரின் கை வழக்கம்போல அமுங்கப் போய், பாதியில் நின்றது. சலவைக் கடை அக்கா மாமாவைத் திரும்பிப் பார்த்து வாத்தியத்தை இறக்கினார். தங்கை இறக்கினார். ஒவ்வொருவராக எல்லோரும் நிறுத்திவிட்டார்கள்.

மாமா நிறுத்தவில்லை. கண்ணை மூடியிருந்தார். விரல்கள் வாத்தியத்தின் சரியான விசைகளின் மேல் சரியாக நகர்ந்துகொண்டிருந்தன. வாத்தியத்திலிருந்து வந்தது வெறும் காற்று. இரண்டு விரல் நகர்வுக்கு ஒரு தடவை அவர் மூச்சை இழுக்கும் சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. என் வீட்டுக்காரர் அண்ணனை விட்டு எங்கேயோ ஓடிவிட நினைப்பவர்போல ஓர் அடி பின்னால் வைத்தார். பிறகு போய்ப் பலகைமேல் மண்டியிட்டு, "அண்ணே, போதும்" என்று அவர் கையைப் பிடித்தார்.

மாமா கண்ணைத் திறந்தார். "ஏன், நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு?" என்றார். வாத்தியத்தை மடியில் சாய்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "கொஞ்ச நாளா சிரமம்தான்டா. ஆனா நீங்க எல்லாரும் எனக்காகக் குறைச்சுக் குறைச்சு வாசிச்சீங்க பாரு, அதுல எனக்கு ஒண்ணும் தெரியல."

மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போய், ஒத்திகையில் நடந்ததைச் சொன்னோம். ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். மாமா அதை இரண்டு கையாலும் கிளாரினெட்டைப்போலவே பிடித்துக்கொண்டார். படம் எடுத்துப் பார்த்த டாக்டர் எங்கள் இரண்டு பேரை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கல் தூசி நுரையீரல் முழுக்கப் படிந்துவிட்டது, போன மூச்சு இனித் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மாமா பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இவ்வளவு தூரம் வர்ற வரைக்கும் கவனிக்கலையா? சத்தம் எப்ப இருந்து குறைஞ்சுது?" என்று டாக்டர் கேட்டார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல டாக்டர்" என்றார். "பேலன்ஸ் எப்பவும் சரியாத்தான் இருந்துச்சு."