தவறாகச் சொன்ன வெடிப்பு

தொலைதூரத்தில் ஒரு பெரிய நட்சத்திரம் சாகும்போது காமாக் கதிர் வெடிப்பு நிகழும். விண்வெளித் தொலைநோக்கி அதைக் கண்டதும், வானியல் குழுவில் கண்காணிப்புப் பணியிலிருக்கும் என் கைப்பேசி ஒலிக்கும். உண்மைதானா என்று பார்த்து நான் அறிவித்தால், பூமியிலுள்ள தொலைநோக்கிகள் அந்தத் திசைக்குத் திரும்பும். தாமதித்தால் ஒளி மங்கிவிடும்.

அன்று தம்போய் ஊரில் என் வீட்டில் மகளுக்குச் சோறு ஊட்டும்போது ஒலித்தது. வரைபடத்தில் சிறிய மேடு ஒன்று தெரிந்தது. வெடிப்பா, கருவியில் தானாக எழும் பொய்ச் சமிக்ஞையான இரைச்சலா? முடிவெடுக்க முடியாமல், உடன் பணிபுரியும் மேரியை அழைத்தேன்.

"தப்பா இருந்தா என்னக்கா பண்றது?"

"தப்புன்னு இன்னொரு அறிவிப்பு போடுவோம் லா. எல்லாரும் போட்டவங்கதான். நீ ஊட்டுற சோத்தையே சூடான்னு நாலு தடவ தொட்டுப் பாக்குற ஆளு! அனுப்பும்மா."

அனுப்பினேன். பிறகு முழுத் தரவும் வந்தது. வெறும் இரைச்சல்தான். அதற்குள் சிலி நாட்டில் ஒருவர் தன் ஆய்வை நிறுத்தித் தொலைநோக்கியைத் திருப்பிவிட்டார். அவமானத்தோடு, தவறு என்று எல்லாருக்கும் எழுதினேன்.

முகமறியாத அவர் பதில் அனுப்பினார்: "பரவாயில்லை. அடுத்ததையும் இதே வேகத்தில் சொல்லுங்கள்."

படித்ததும் அழுதுவிட்டேன். தாயான நாள்முதல், ஒரு தவறு செய்தாலும் எல்லாம் முடிந்துவிடும் என்றே பயந்திருந்தேன். இன்றும் அனுப்புமுன் வரைபடத்தை மறுபடி ஒருமுறை பார்க்கிறேன். ஆனாலும் அனுப்பிவிடுகிறேன்.