மே மாதத்தில் ஹீட்டர்

வேனின் முன்சக்கரங்கள் இரண்டும் உப்பு மூட்டை ஏற்றும் மேடையின் சரிவில் ஏறி நின்றன. பின்சக்கரங்கள் தரையில் இருந்தன. மரக்காணம் உப்பளத்தில் கண்ணுக்கு எட்டிய வரை மேடு என்று சொல்ல அந்தச் சரிவை விட்டால் வேறு கிடையாது. டிரைவரக்கா வண்டியை ஒருமுறை சுற்றி வந்து ரேடியேட்டர் மூடியைக் கழற்றினார். நான் அப்போது ஒரு நாளிதழின் நிருபர். உப்பளப் பெண்களைப் பற்றி எழுதுவதற்காக அந்த வாரம் அவர்களுடைய வேனிலேயே போய்வந்து கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்களைப் பிரம்மதேசத்திலிருந்து விடியலில் அழைத்து வந்து மதியம் கொண்டுபோய் விடுவது அவர் வேலை. பத்து நாளுக்கு முன் தண்ணீர்க் குழாய் ஒன்று வெடித்து, பட்டறையில் புதிது போட்டார்கள். அன்றிலிருந்து ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. இன்ஜின் ஹெட் போய்விட்டது, தண்ணீர் இல்லாமல் ஓட்டியிருக்கிறார் என்றார் மெக்கானிக். வேன் முதலாளி நம்பிவிட்டார். அன்று மதியம் இருவரும் வந்து வண்டியைப் பட்டறைக்கு எடுத்துப்போவதாகவும், இன்ஜினைச் சரிசெய்தபின் வேறு டிரைவர் வருவார் என்றும் ஏற்பாடு. வேலை போனாலும் போகட்டும், அந்தப் பேர் வேண்டாம் என்று என்னிடம் சொன்னார் டிரைவரக்கா.

அவர் கையில் இருந்த ஆதாரம் ஒன்றுதான். அந்த வேன் முன்பு ஊட்டிப் பக்கம் ஓடியது. இன்ஜினில் சூடான தண்ணீரைக் கொண்டே வண்டிக்குள் அனல் தரும் ஹீட்டர் அதில் உண்டு. இந்தக் கடற்கரையில் அதன் திருகை யாரும் தொட்டதில்லை, மெக்கானிக் உட்பட. முந்தின நாள் இன்ஜின் கொதித்தபோது டிரைவரக்கா அதைத் திருப்பிப் பார்த்தார். வெறும் வெளிக்காற்றுதான் வந்தது, சூடே இல்லை. கொதிக்கும் தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல் காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்தது. ரேடியேட்டரின் வாய் எல்லாவற்றிலும் உயரமாக இருந்தால்தான் அந்தக் காற்று மேலே வரும்.

ஹீட்டர் திருகை முழுக்கத் திருப்பினார். அளத்துத் தண்ணீர் உப்பு என்பதால் ஊரிலிருந்து கொண்டுவந்த குடிநீரை மெல்ல ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டார். கஞ்சி குடிக்க வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள்.

"யக்கா, இந்த வெயில்ல ஹீட்டரா? உள்ள இன்னா கொழம்பா வைக்கப் போற?" என்றாள் ஒருத்தி.

அவர் ரேடியேட்டரின் மேல் குழாயில் துணியைச் சுற்றி அமுக்கி அமுக்கி விட்டார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு குமிழி வந்தது. தொடர்ந்து நாலைந்து. திடீரென்று வண்டி ஏப்பம் விட்டது போல ஒரு சத்தம். நிறைந்திருந்த தண்ணீர் விறுவிறுவென்று உள்ளே இறங்கியது.

"பாரு, எப்படி குடிக்குதுன்னு" என்றார். கேலி பேசியவளே அடுத்த கேனை எடுத்துக் கொடுத்தாள். குமிழிகள் நின்றதும் மூடியைப் போட்டார்.

மதியம் வந்த முதலாளியையும் மெக்கானிக்கையும் முன்னிருக்கையில் உட்காரச் சொன்னார். பெண்களோடு நான் பின்னால் ஏறி, முள்ளைப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தேன். பிரம்மதேசத்தில் பாதி. பெண்கள் யாரும் இறங்கவில்லை. முடிவைப் பார்க்காமல் போவதாக இல்லை. ஊரைத் தாண்டிப் பெருமுக்கல் மலையடியிலும் முள் அதே பாதியில் நின்றது. ஹீட்டரிலிருந்து அடுப்பு வாயில் வருவது போல அனல் வந்தது.

மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காத்துதாம்மா. ஹீட்டர் இருக்கறதையே நான் பாக்கல" என்றார். பட்டறைக்காரர் ஒருவர் அப்படி ஒப்புக்கொண்டதை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

முதலாளியின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "சரிம்மா, நீயே ஓட்டு. மொதல்ல அந்த ஹீட்டர மூடு."

"இருங்க மொதலாளி" என்றார் டிரைவரக்கா, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "திரும்பிப் போற வரைக்கும் ஓடட்டும். நாளைக்கு ஒரு சந்தேகம் வரக்கூடாது பாருங்க."

பின்னால் எழுந்த சிரிப்பு பிரம்மதேசம் வரை அடங்கவில்லை. அந்த வேனை இன்றும் அவர்தான் ஓட்டுகிறார்.