குடைத்துணியில் தைத்த நீச்சலுடை

என் நாத்தனார் யாரிடமும் எதற்கும் வாய் திறந்து கேட்காதவள். அவள் வீட்டுக்காரர் இறந்துபோன பிறகும், அடுத்த கதவு நான்தான் என்றாலும், ஒரு பிடி உப்புக்குக்கூட என் வாசலுக்கு வந்ததில்லை. குடைக் கம்பெனியில் தையல் வேலை, ஞாயிற்றுக்கிழமையும் லீவு கிடையாது. அப்பேர்ப்பட்டவள் முதலாளி முன்னால் போய் நின்று மிச்சத் துணி கேட்டாள். எல்லாம் அந்த நீச்சல் குளத்தால் வந்த வினை.

அந்தக் குளத்தில்தான் நான் உடை மாற்றும் அறைகளைக் கழுவுகிறேன். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் இலவசமாக நீந்தலாம் என்று நகராட்சி சொன்னது. பிள்ளைகள் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார்கள். நீச்சலுடை இல்லாமல் தண்ணீரில் இறங்கக் கூடாதாம், வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். வா வா என்று கூப்பிட்டுவிட்டு, அவர்களால் வாங்க முடியாத துணியைப் போட்டு வா என்றால் அதற்குப் பெயர் இலவசமா? நாத்தனார் மகள் அன்று அழவில்லை. சாப்பிடவும் இல்லை.

அதற்குத்தான் குடைத்துணி. கறுப்பும் இருந்தது, நீலமும் இருந்தது. இவள் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சுக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என்னடி கண்றாவி நிறம் என்று கேட்டேன். அவளுக்குத் தண்ணீர் என்றாலே பயம்.

"புள்ளைங்க முழுகிட்டா மேலேர்ந்து பார்க்கிறவங்களுக்குப் பளிச்சுனு தெரியணும் அண்ணி," என்றாள்.

தன் மகளுக்கு மட்டும் தைத்துக்கொள்ள அவளுக்கு மனசு வரவில்லை. குடியிருப்பில் கேட்ட பிள்ளைகளுக்கெல்லாம் இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுத்தாள். கண் பூத்துப்போனது. ஆனால் மகள் மல்லாந்து மிதக்கக் கற்றுக்கொண்ட அன்று இவள் வீட்டில் கேட்ட சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை. அடுத்தது ஆழமான பக்கம் என்று அந்தப் பெண் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

பளிச்சென்று தெரியணும் என்றாளே, நன்றாகவே தெரிந்தது. பணம் கட்டி வருகிற பிள்ளை ஒன்றுக்கு உடம்பில் தடிப்பு வந்தது. உடனே அதன் அம்மா மேனேஜரிடம் போய், அந்த ஆரஞ்சுப் பிள்ளைகளோடு என் பிள்ளை இறங்காது என்றாள். மேனேஜர் நடுவில் கயிறு கட்டினார். ஆழமில்லாத மூலை இவர்களுக்கு. நீச்சல் மாஸ்டர் கயிற்றுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டார். துடைப்பத்தாலேயே நாலு போடலாமா என்று எனக்குக் கை துறுதுறுத்தது. போட்டால் வேலை போய்விடும். வாயை மூடிக்கொண்டு தரையைத் தேய்த்தேன்.

ஒரு பிள்ளைக்குக் காது வலி, இன்னொன்றுக்குச் சளி என்று ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. "ஆரஞ்சு" என்று தெருவிலும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள், எந்தப் பிள்ளை போகும்? நாத்தனாருக்குத் தெரியாமல் அவள் மகளின் உடையை எடுத்து, கறுப்புச் சாயத்தில் போட்டுக் கொதிக்க வைத்தேன். மழையையே உதறுகிற துணி அது. சாயத்தையும் உதறிவிட்டுப் போட்டது போட்டபடி ஆரஞ்சாகவே வெளியே வந்தது. அந்தப் பெண் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு அவள் மட்டும் வந்தாள். மூலையில் கொஞ்ச நேரம் மிதந்தாள். அந்தப் பக்கம் யாரோ கைகாட்டிச் சிரித்தார்கள். ஏறி வந்து, நான் கழுவிக்கொண்டிருந்த அறையில் உடையைப் பிழிந்து மடித்து என் கையில் கொடுத்தாள்.

"இனிமே வரல அத்தை. தண்ணி ரொம்பக் குளிருதுன்னு அம்மாகிட்டச் சொல்லிடுங்க. டிரஸ்ஸைப் பத்தி மட்டும் சொல்லிடாதீங்க."

வீட்டுக்கு வந்து, தண்ணீர் குளிருகிறதாம் என்று அப்படியே சொன்னேன். நாத்தனார் என் கையிலிருந்த உடையை வாங்கி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தாள். ஆழமான பக்கம் போகிற நேரத்தில் இந்தக் குளிருக்குப் பயந்து விட்டுவிடுவதா என்று மகளைச் செல்லமாகக் கடிந்துகொண்டாள். அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"இவ்வளவுதானா அண்ணி? உள்ளே ஒரு லைனிங் கொடுத்துட்டாப் போச்சு," என்றாள் நாத்தனார்.

மிச்சமிருந்த ஆரஞ்சுத் துணியை விரித்து வெட்ட ஆரம்பித்தாள். எல்லாப் பிள்ளைகளின் உடையையும் வாங்கி வரும்படி என்னிடம் சொன்னாள்.