கண் டாக்டர் வாசல் பெஞ்சு

விழுப்புரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ரோஜாவின் அறைக்கு முன்னால் ஒரு பெஞ்சு கிடக்கிறது. அதில் எவளும் உட்கார மாட்டாள். கதவுக்கு மேலே ‘பெண்கள் புற்றுநோய்ப் பிரிவு’ என்று பலகை மாட்டியிருக்கிறதே, அதுதான் காரணம். அதன் கீழே உட்கார்ந்திருப்பதை ஊர்க்காரி ஒருத்தி பார்த்துத் தொலைத்தால், செஞ்சி பஸ் ஊர் போய்ச் சேருவதற்குள் சேதி வீட்டுக்குப் போய்விடும். அப்புறம் உட்கார்ந்தவளின் பெண்ணை எவன் கட்டுவான்?

அதனால் எல்லாரும் பக்கத்து அறை கண் டாக்டரின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள். கண்ணில் எரிச்சல் என்று முந்தானையால் ஒற்றிக்கொள்ளும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. நர்ஸ் பிரபாவதி பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள். கூப்பிட்டால் யார் எழுந்திருக்கிறார்கள்? வராந்தாவில் ஆள் நடமாட்டம் குறைந்ததும் போய்த் தோளைத் தொடுவாள். கை பட்டவள் மெல்ல எழுந்து, கழிப்பறை தேடுகிறவளாட்டம் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டென்று உள்ளே நுழைவாள்.

ரோஜாவுக்கு இதில் கோபமில்லை. “எப்படியோ வந்து சேர்றாங்களே, அது போதும்” என்பாள். அவளும் செஞ்சிக்கு அந்தாண்டை வல்லத்துப் பக்கத்துக் கிராமத்துக்காரிதான். அடுத்தவன் கொல்லையில் மல்லாட்டைக் கடலை பிடுங்கிக் கூலி வாங்கிய சவுரிராயனின் சின்ன மகள். தாய் சீக்கிரமே போய்விட, அக்கா வேணிதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கால் கழுவிவிட்டது, தலை பின்னிவிட்டது எல்லாம் அவள்தான். பாப்பா படிக்கட்டும் என்று எட்டாவதோடு நின்றவளும் அவள்தான்.

பாப்பா படித்தாள், நிறுத்தாமல் படித்தாள். பிரசவம் பார்க்கிற படிப்பு முடிந்ததும், “குழந்தையில்லாதவங்களுக்கு வைத்தியம் பண்ணும்மா, கார் பங்களான்னு செட்டில் ஆயிடலாம்” என்று கூடப் படித்தவர்கள் ஆசை காட்டினார்கள். இவளோ சென்னைக்குப் போய், பெண்களின் கர்ப்பப்பையில் வருகிற புற்றுநோய்க்கென்று இருக்கிற மேல்படிப்பைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தாள். கிராமம் கிராமமாகப் போய், கர்ப்பப்பையின் வாயில் புண் இருக்கிறதா என்று சோதித்தாள். நம் பெண்கள் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறார்கள் என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினாள். வெட்கம், கூலி போய்விடும் என்கிற பயம், புருஷனின் ஏச்சு என்று காரணங்களை அடுக்கினாள். மாநாட்டில் கை தட்டினார்கள். தன் சொந்த அக்காவுக்கு ஒரு காரணம் இருக்கும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. யாருக்குத்தான் தோன்றும்!

பொங்கல் கழிந்த ஒரு திங்கட்கிழமை, டீ குடிக்க வெளியே வந்தவள் பார்க்கிறாள், கண் பெஞ்சின் ஓரத்தில் வேணி!

“அடியம்மா! அக்கா! இன்னாக்கா சொல்லாம கொள்ளாம?” ரோஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. “சிஸ்டர், இங்க வாங்க, எங்கக்கா வந்திருக்கு! என்னை வளர்த்தவங்க!”

வராந்தாவே திரும்பிப் பார்த்தது. வேணி தலையைக் குனிந்துகொண்டாள்.

“கண்ணு இன்னாக்கா? மங்குதா?”

வேணி அவளை ஒரு முறை பார்த்தாள். அப்புறம் எதிரே நின்ற சனத்தைப் பார்த்தாள். “ஆமா பாப்பா. அரிசியில கல்லு தெரிய மாட்டேங்குது” என்றாள்.

ரோஜாவே கையைப் பிடித்துக் கண் டாக்டர் வேங்கடேசனிடம் அழைத்துப் போனாள். “வெள்ளெழுத்துதாம்மா, கண்ணாடி போட்டா சரியாப் போயிடும்” என்றார் அவர். ரோஜாவே கண்ணாடி வாங்கிப் போட்டு அழகு பார்த்தாள். டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். ஆட்டோ நகரும்போது வேணி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ரோஜா கையாட்டினாள், ஆட்டோ போய்விட்டது.

அந்தப் பெஞ்சில் உட்காருகிறவர்கள் யார், எதற்கு உட்காருகிறார்கள் என்பது ரோஜாவைவிட யாருக்குத் தெரியும்? அடுத்தவள் உட்கார்ந்திருந்தால் பிரபாவதியை அனுப்பித் தோளைத் தொடச் சொல்லியிருப்பாள். சொந்த அக்கா உட்கார்ந்ததும் கண் அவிந்துபோயிற்று. என்னத்தைச் சொல்ல!

மறுபடி வேணி வந்தது ஆடியில். இந்தத் தடவை அவள் புருஷன் ஆரோக்கியராஜ் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். பெஞ்சில் உட்காரவில்லை, உட்கார முடியவில்லை. ஒரு கால் வீங்கி மதமதவென்று இருந்தது. மூக்கின் மேல் அதே கண்ணாடி.

“மாசி மாசமே திண்டிவனத்துல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஆப்ரேஷன் பண்ணிட்டோம் ரோஜா” என்றான் அவன். “உதிரப்போக்கு ஜாஸ்தியா இருந்திச்சு. பையை எடுத்துட்டா சரியாப் போயிடும்னாங்க. உன்னாண்ட சொல்ல வேணாம்னுட்டா இவ. எடுத்ததும் தட்டுல வச்சிக் காட்டினாங்க, நானே கண்ணால பார்த்தேன்.”

“அதை டெஸ்டுக்கு அனுப்பினாங்களா மாமா?”

“இன்னா டெஸ்டு? எம்புள்ளைங்க இருந்த பை, குப்பையில போட மனசு வரலை. கேட்டு வாங்கியாந்து முருங்கை மரத்தடியில பொதைச்சிட்டேன்.”

ரோஜா கையுறையை மாட்டினாள். வேணி மேசைமேல் படுத்து, புடவையை மேலே ஏற்ற விடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“விடுக்கா, நான்தானே.”

“நீன்றதுனாலதான்டி” என்றாள் வேணி. “உனக்குக் கால் கழுவிவிட்டவடி நானு. உம்முன்னால எப்படிப் படுப்பேன்? அன்னிக்குக்கூட மனசைக் கல்லாக்கிக்கினு உன்னாண்டதான் வந்தேன் பாப்பா. நீ கண்ணான்னு கேட்டே. ஊர்சனம் பார்த்துக்கினு நிக்குது. நான் இன்னான்னு சொல்லுவேன்?”

ரோஜாவின் விரல்களுக்கு எல்லாம் தெரிந்தது. புற்று இருப்பது தெரியாமல் பையை மட்டும் எடுத்திருக்கிறார்கள். வேரை விட்டுவிட்டுக் கோரையை அறுத்த கதை. விட்டது அடிவயிற்றின் இரண்டு பக்கத்திலும் எலும்போடு ஒட்டிக் கல்லாகக் கிடந்தது. இத்தனை வருஷப் படிப்பு, வெட்டியெடுத்த இத்தனை கட்டிகள், அந்தக் கட்டுரை, அந்தக் கைதட்டல், ஒன்றும் உதவவில்லை. பொங்கல் கழிந்து வந்த அன்றைக்கே இதே விரல் வைத்திருந்தால் பிழைக்க வைத்திருக்கலாம். அது தெரிந்ததுதான் அவளைக் கொன்றது. கை கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அக்காதான் ஆறுதல் சொன்னாள். “அழாதடி. ஒண்ணு மட்டும் பண்ணு. தையில பொண்ணு கல்யாணம். எனக்கு இந்தச் சீக்குன்னு தெரிஞ்சா, பொண்ணுக்கும் வரும்னு சம்பந்தம் முறிஞ்சிடும். யார்ட்டயும் சொல்லாத. என் தலையில அடிச்சி சத்தியம் பண்ணு.”

“இது ரத்தத்துல வர்ற நோய் இல்லக்கா. ஒரு கிருமி...”

“உனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா?”

ரோஜா சத்தியம் செய்தாள். வேறென்ன செய்வாள்?

புதுச்சேரியில் கதிர்வீச்சுக் கரண்டு வைத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ஊரில் கேட்டவர்களுக்கு, மூட்டுவலி, தங்கச்சி வீட்டில் இருக்கிறாள் என்று பதில் போனது. ரோஜா கூடப் படித்தவர்கள் எல்லாரையும் தொந்தரவு செய்தாள், சென்னையில் தன் வாத்தியாருக்கு ஸ்கேன் படங்களை அனுப்பினாள். “உனக்குத் தெரியாததா ரோஜா?” என்று மட்டும் அவர் கேட்டார். கார்த்திகையில் சிறுநீர் நின்றுபோய், வேணி கண்ணை மூடினாள்.

கிராமத்தில் வீட்டுக்கு முன்னால் பந்தல். பெட்டிக்குள் வேணி, நெஞ்சின்மேல் ஜெபமாலை. அவளுடைய கண்ணாடியையும் மகள் போட்டுவிட்டிருந்தாள். “அம்மாவுக்கு அது இல்லைன்னா ஒண்ணும் தெரியாது” என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெண் அழுதது. திண்டிவனத்துச் சம்பந்தி வீட்டார் பெட்டிக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வேணியோடு கொல்லை வேலைக்குப் போகிற கோவிந்தம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நல்ல திடகாத்திரமான மனுஷி, இடுப்பில் பேரன். நேராக ரோஜாவின் முன்னால் நின்றாள்.

“ரோஜா, நீ டாக்டரு. உம்வாயால சொல்லு. உங்கக்காவுக்கு இன்னா சீக்கு?”

சம்பந்தியம்மா முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாள். ஆரோக்கியராஜ் ரோஜாவைப் பார்த்தான். பெட்டியோரம் குனிந்திருந்த மகளும் நிமிர்ந்து பார்த்தாள்.

“ஹார்ட்டு” என்றாள் ரோஜா. “ஹார்ட் அட்டாக்.”

“அப்பாடி!” கோவிந்தம்மாள் மாரில் கைவைத்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தி ரோஜாவின் காதோரம் வந்தாள். “வேணிக்கு அப்பப்போ துணியில பட்டுக்கினு இருந்திச்சே, அதான் வேற எதுனா இருக்குமோன்னு பேஜாராப் போச்சு. எனக்கும் மாசாமாசம் வர்ற தூரம் நின்னு எத்தினியோ வருஷம் ஆச்சு, இப்பத் திரும்பப் படுது. ஹார்ட்டுன்னா சரி. எனக்கு ஹார்ட்டெல்லாம் நல்லா இருக்குது.”

ரோஜா அவள் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். இல்லை கோவிந்தம்மா, ஹார்ட்டு இல்லை, உனக்கும் அதேதான் இருக்கும்போல, இப்பவே என்கூட வா என்று கத்த வேண்டும்போல இருந்தது. எதிரில் அக்கா மகள் நிற்கிறது. பக்கத்தில் சம்பந்தியம்மா காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறாள். அக்கா தலையில் அடித்த சத்தியம் வேறு.

“திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வா” என்றாள் மெதுவாக. “என் ரூமுக்கு வர வேணாம். பக்கத்துல கண் டாக்டர் வாசல்ல பெஞ்சு இருக்கும். அதுல உக்காந்துக்க. நானே வந்து கூப்பிடறேன்.”

கோவிந்தம்மாள் கையை விடுவித்துக்கொண்டு, அழுத கண்ணோடு அவளைப் பாவமாகப் பார்த்தாள். அக்கா போன துக்கத்தில் புத்தி தடுமாறிப் பேசுகிறது என்று நினைத்திருப்பாள்.

“எனக்கு எதுக்கு ரோஜா கண் டாக்டரு? எங்கண்ணு நல்லாத்தானே தெரியுது” என்று சொல்லிவிட்டு, பேரனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை கண் பெஞ்சு நிரம்பியிருந்தது. ரோஜா பிரபாவதியை அனுப்பாமல் தானே போய் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கோவிந்தம்மாளைக் காணோம்.