ஜஹனாராவின் கோபம்

செங்கல்பட்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பைக் சீட் கவர் கடை வைத்திருந்தார் அமானுல்லா. கடைக்கு வருகிறவர்களிடம் பேசுவது அவர், மெஷினில் உட்கார்ந்து தைப்பது மனைவி ஜஹனாரா. பதினெட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. குரல் உயர்த்தாதவள் என்று பேர் எடுத்தவள், போன வருஷம் எதற்கெடுத்தாலும் சீறத் தொடங்கினாள்.

தை மாசக் குளிரிலும் அவளுக்கு ஃபேன் ஓட வேண்டும். முன்னைவிட நிறையவே சாப்பிட்டாள், ஆனாலும் கைவளையல் கழன்று விழுகிற அளவுக்கு இளைத்தாள். விரல் நடுங்கித் தையல் கோணிப்போனது. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று ஒருநாள் சொன்னாள்.

"கத்திக்கினே இருந்தா அடிக்காம இன்னா பண்ணும்?" என்றார் அமானுல்லா. அப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவர் வாங்க வந்தவர் எதிரிலேயே கத்திரிக்கோலை வீசி எறிந்தாள். அன்றைக்கே அவளைக் கடப்பாக்கத்தில் இருக்கும் அவள் தம்பி இத்ரீஸ் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார். குணம் மாறினால் வரட்டும் என்று சொல்லியனுப்பினார். மூன்று வாரம் போன்கூடச் செய்யவில்லை.

நாலாவது வாரம் இத்ரீஸ் கூப்பிட்டான். "மச்சான், அக்காவுக்கு மூச்சே வுட முடியல. ஆஸ்பத்திரில சேத்துக்கீறோம்."

ஆஸ்பத்திரிக்கு வந்த அமானுல்லாவை டாக்டர் ரேணுகா உட்காரவைத்து விளக்கினார். கழுத்திலிருக்கும் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்திருக்கிறது. வியர்வை, நடுக்கம், மெலிவு, கோபம் எல்லாமே அதனால்தான். மாசக்கணக்கில் அது விரட்டியதில் இதயத் துடிப்பு தாறுமாறாகி, இதயம் களைத்து, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. ஆரம்பத்திலேயே ரத்தம் சோதித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார்.

 அமானுல்லா உள்ளே போய்க் கட்டிலருகே உட்கார்ந்து, தப்பு பண்ணிவிட்டேன் என்றார்.

ஜஹனாரா கண்ணைத் திறக்கவில்லை. "இது நோவுன்னு எனக்கே தெரியல, உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனா, உனக்கு இன்னா ஆச்சுன்னு ஒரு வாட்டி கேட்டிருக்கலாம்."

மாத்திரையில் சுரப்பி அடங்கியது, உடம்பும் கொஞ்சம் தேறியது. துடிப்பு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. வீட்டுக்கு வந்தவள் கடைப்பக்கம் போகவில்லை, அவரும் கூப்பிடவில்லை. மாசாமாசம் செக்கப்புக்கு அவர்தான் அழைத்துப் போகிறார். மாடிப்படியில் பாதியில் மூச்சு வாங்க அவள் நின்றால், அவரும் இரண்டு படி கீழே நின்று, வராத போனை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பார்.