தராசுத் தட்டில் விழுந்த கல்

தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் அங்காளம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் கருவாடு விற்கிறேன். அந்த உரிமையில் சொல்கிறேன், அவளைத் திமிர் பிடித்தவள் என்பவர்களுக்கு முத்துவைத் தெரியாது.

முத்து அவள் வளர்த்த ராஜபாளையம் நாய். மொத்த வெள்ளை, அந்த நிறத்தில் சிலது பிறப்பதுபோல் பிறவிச் செவிடு. ஒருநாள் முடிச்சூர் வீட்டு கேட் திறந்து கிடந்தது. லாரிக்காரன் எவ்வளவோ ஹாரன் அடித்தும் முத்து திரும்பவில்லை. அதற்கப்புறம் வளர்த்த பெண் நாய் வெள்ளச்சிக்கு 2006-ல் ஜோடி தேடியபோது, செவிட்டுக் குட்டி ஒன்றுகூடத் தன் வீட்டில் பிறக்கக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

அவள் புருஷன் தாமோதரன் சேலையூரில் ஓர் ஆண் நாயைப் பார்த்துவிட்டு வந்தான். ரிட்டையர்டு பேங்க் மேனேஜர் ஸ்ரீநிவாசராகவனுடையது, கண்காட்சியில் கப் வாங்கியது. அங்காளம்மா என்னையும் இழுத்துக்கொண்டு, பையில் தராசுத் தட்டும் எடைக்கல்லுமாகக் கிளம்பினாள். அந்தத் தட்டில் கல் விழும் சத்தத்துக்கு மார்க்கெட்டில் தலைதூக்காத நாயும் பூனையும் கிடையாது.

நாய் ராஜா மாதிரிதான் இருந்தது. வெள்ளை உடம்பு, ரோஸ் மூக்கு. தெருவைப் பார்த்துப் படுத்திருந்தது. அங்காளம்மா பின்னால் நின்று தட்டில் கல்லை அடித்தாள். எனக்கே காது அடைத்தது. நாய் அசையவில்லை.

"ட்ரெயினிங் அப்படிம்மா. சத்தத்துக்கெல்லாம் மிரளாது" என்றார் சார்.

"பின்னால நின்னு பேர் சொல்லிக் கூப்டு சார்."

மூன்று தடவை கூப்பிட்டார். அடப்பாவமே, மனுஷன் முகம் செத்துப்போனது. இத்தனை நாளும் கையை ஆட்டித்தான் கூப்பிட்டிருக்கிறார்.

"வீட்டுக்குள்ள இருக்கற நாய்க்குக் காது எதுக்கு? இந்தக் கலர் எங்கேயும் கிடைக்காது" என்று சமாளித்தார் சார்.

"எங்க முத்துவும் வூட்டுக்குள்ளதான் சார் இருந்தான்."

கூடவே வந்திருந்த தாமோதரன், நாய் இணைசேரும் பருவம் வீணாகிறதே என்று கத்தினான். "இந்த ஹீட்ட வுட்டா இன்னும் ஆறு மாசம் ஆவும்!"

"ஆறு வருசம் ஆவட்டும். உனுக்கு இன்னா பேஜாரு?"

வெளியே வந்தவள் திரும்பிப் போய், சார் வீட்டு கேட்டுக்குத் தன் கையாலேயே கொண்டி மாட்டினாள்.

கப் வாங்கிய நாயை வேண்டாம் என்ற மீன்காரி என்று மார்க்கெட்டே சிரித்தது. சிரிக்கட்டுமே, எங்களுக்கென்ன! அடுத்த ஹீட்டுக்குள் சிங்கப்பெருமாள் கோவிலில் கம்பெனி வாட்ச்மேன் தசரதனின் நாய் கிடைத்தது. காதில் பழுப்புத் திட்டு. பைக்குள் தட்டு குலுங்கியதற்கே எழுந்து வந்து குரைத்தது.

வெள்ளச்சிக்கு ஐந்து குட்டிகள். ஒரு மாதம் போனதும் ஒவ்வொன்றாகத் தனியே விட்டு, பின்னால் நின்று தட்டினாள். நாலு திரும்பின. ஐந்தாவது மொத்த வெள்ளை, முத்துவேதான். அங்காளம்மா கல்லை எடுத்தாள். அடித்தாள்.

குட்டி திரும்பி அவளைப் பார்த்துக் குரைத்தது.

"என்னியே குலைக்கிறியாடா? குலை, நல்லா குலை" என்று தட்டை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.