தலையை அளந்தவர்

லாபிஸ் ரப்பர் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, பழங்கால எலும்புகளைத் தோண்ட ஒரு ஜெர்மன்காரர் வந்தார். வெளிறிய, ஒல்லியான மனிதர். அவர் இனத்து முன்னோர்கள்தான் உலகம் முழுக்கப் பரவி ஆண்டார்கள் என்று அவர் நாட்டுச் சர்வாதிகாரி சொல்லிவிட்டாராம். அதற்குச் சான்று வேண்டும். தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று, மண்டையோடு அளக்கும் வளைந்த இரும்புக் கருவியால் தம் தலையையே அளந்துகொள்வார்.

ஒருநாள் குழியிலிருந்து நீண்ட மண்டையோடு ஒன்று வந்தது. அளந்தார். "இதேதான்! ஆயிரமாயிரம் வருஷம் பழையது" என்றார்.

குழி வெட்டிய முனியன் சட்டென்று தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். தோட்டத்துரை எதிரே வந்தால் அப்படித்தான் நிற்பார்கள்.

"ஏன்யா?" என்றேன்.

"நம்ம பழைய துரைங்க, கிராணியாரே. காய்ச்சல்ல செத்தாரே, நான்தான பொதைச்சேன். அந்தத் தங்கப் பல்லப் பாருங்க."

அதை ஆங்கிலத்தில் சொன்னேன்.

"தெரியும்" என்றார் அவர். குறட்டால் அந்தப் பல்லைப் பிடுங்கினார். "இந்த மண்டையோடு இல்லாமல் திரும்பினால், அடுத்து மேசையில் இருக்கப்போவது என் தலை."

ரயில் கிளம்பும்போது முனியன் மறுபடியும் தலைத்துண்டை அவிழ்த்தான். அவர் மடியில், மண்டையோடு வைத்திருந்த பெட்டிக்கு. அதைப் பார்த்த ஜெர்மன்காரரின் கை மெல்ல உயர்ந்து, இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பதுபோலத் தம் தலையைத் தடவியது.